பரம்பரைப் புற்றுநோய் மரபணுப் பரிசோதனை, கும்பகோணம்: ஆலோசகருக்கு முழு மதிப்பெண், முகப்புக்கு அல்ல

கும்பகோணத்தில் உள்ள ஒரு பரிசோதனை நிலையத்தின் வழியாக எங்கள் குடும்பத்தினர் மார்பகம், சினைப்பைப் புற்றுநோய்களுக்கான பரம்பரை மரபணுப் பரிசோதனையைச் செய்துகொண்டோம். இரத்தத்தை இங்கே எடுத்து, வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பி, காணொலியில் மரபணு ஆலோசகரோடு பேச வைப்பது இவர்களின் சேவை. குறைகளையும் சொல்லப் போவதால் நிலையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அக்காவுக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் ஏற்பிகள் இரண்டும் ஹெர்2 என்ற புரதமும் இல்லாத, டிரிபிள் நெகட்டிவ் எனப்படும் வகை. அவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரே இந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். ஆனால் முகப்பில் இருந்தவர், உடன் வந்திருந்த தங்கையைப் பார்த்துவிட்டு, நோய் வந்தவருக்கு இனி எதற்கு, வராதவருக்கு எடுங்கள் என்று சொன்னதோடு, சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு எல்லாம் அடங்கிய தொகுப்பு ஒன்றையும் தள்ளுபடியில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இது அடிப்படையிலேயே தவறு. நோய் வந்தவரிடம் எந்த மரபணு மாற்றம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றவர்களிடம் அதைத் தேட முடியும். தங்கைக்கு மட்டும் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்திருந்தால், குடும்பத்தில் ஓடும் மாற்றம் அவளுக்கு வரவில்லையா, குடும்பத்திலேயே அப்படி ஒன்று இல்லையா, இருந்தும் சோதனையில் சிக்கவில்லையா என்று பிரித்தறிய வழியே இருந்திருக்காது. மறுநாள் ஆலோசகர்தான் இதைத் தடுத்து, அக்காவுக்கு முதலில் எடுக்கச் செய்தார்.

இரத்தம் எடுக்க வீட்டுக்கே வந்த பெண்ணைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கீமோவில் நரம்புகள் சுருண்டுபோயிருந்த அக்காவிடம், எந்தப் பக்கம் அறுவை செய்தார்கள் என்று முதலில் கேட்டு, மறு கையை நீட்டச் சொன்னார். ஊதா மூடியிட்ட குழாயில் பெயரையும் வயதையும் எழுதி, அக்காவையே வாசித்துச் சரிபார்க்கச் சொன்ன பிறகே பெட்டியில் வைத்தார்.

கொடுத்த பணம் உண்மையில் எதற்குப் போனது என்று கேட்டால், ஆலோசகரின் நேரத்துக்கு என்பேன். நல்ல தமிழில், அவசரமின்றி, மூன்று தலைமுறையைக் கேட்டுக் குடும்ப வரைபடம் வரைந்தார்: பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம், நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு, இறந்தவர்கள் மேல் ஒரு சாய்கோடு. வலங்கைமான் பக்கம் வாழ்ந்த எங்கள் அத்தை மகோதரத்தில் (வயிற்றில் நீர் சேர்ந்து வீங்கும் நோயில்) இறந்தார் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அந்தப் பதிலோடு அவர் விடவில்லை. வயது என்ன, வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்களா, எந்த மருத்துவமனை என்று தொடர்ந்து கேட்டார். பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்த தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைச் சீட்டில் சினைப்பைப் புற்றுநோய் என்று இருந்தது. அந்த அத்தையின் மகனுக்குத்தான் அக்காவைக் கொடுத்திருக்கிறோம் என்றதும், அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவே, உறவுக்குள் திருமணம் என்பதைக் குறிக்கும் இரட்டைக் கோடு போட்டுவிட்டு, அத்தானுக்கும் பார்க்க வேண்டியிருக்கலாம் என்றார். உறவுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் பக்கத்தில் இந்தக் கேள்வி கேட்கப்படாவிட்டால் பரிசோதனையில் பாதி வீண் என்பது என் கருத்து.

அறிக்கை வந்த விதம்தான் பெரிய குறை. ஆலோசனைக்கு நேரம் குறிக்கும் முன்பே, ஒரு சனிக்கிழமை இரவில், ஆங்கிலக் கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். முதல் பக்கத்தில் சிவப்புக் கட்டத்துக்குள் இருந்ததை அக்காவின் மகன் வாசிக்க, நோய் திரும்பிவிட்டது என்றே அக்கா எண்ணிவிட்டார். அதில் சொல்லியிருந்ததோ, 17ஆம் குரோமோசோமில் இருக்கும் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் நோய் விளைவிக்கும் மாற்றம் இருக்கிறது என்பது மட்டுமே. ஏ.டி.எம். என்ற இன்னொரு மரபணுவிலும், விளைவு இன்னதென்று உறுதிப்படாத மாற்றம் ஒன்றைக் குறித்திருந்தார்கள். அதை வைத்து எந்தச் சிகிச்சையும் முடிவு செய்யக்கூடாது, பின்னாளில் அதன் வகைப்பாடு மாறலாம் என்பதை ஆலோசகர் சொல்லித்தான் அறிந்தோம். இப்படிப்பட்ட அறிக்கையை விளக்க ஆளில்லாமல் வீட்டுக்கு அனுப்புவது பொறுப்பற்ற செயல்.

ஆலோசகரின் விளக்கம் சிறப்பாகவே இருந்தது. பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் நூற்றுக்குச் சுமார் 72 பேருக்கு மார்பகப் புற்றுநோயும் 44 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோயும் வரக்கூடும் என்று 2017இல் வெளியான ஆய்வைச் சொன்னவர், அது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பங்களைப் பார்த்த கணக்கு என்பதையும் தாமாகவே சேர்த்துச் சொன்னார். மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரையாக வருபவை 5 முதல் 10 விழுக்காடுதான் என்பதால் எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லை என்றும் அவரே சொன்னார். விற்கிறவர் வாயிலிருந்து இதைக் கேட்பது அரிது.

பிறகு குடும்பத்தில் மற்றவர்களுக்கு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினார்கள். 74 வயதில் நோய்நொடியின்றி வயலுக்குப் போய்வரும் அப்பாவிடம் அது இருந்தது; அவர் வழியாகத்தான் அக்காவுக்கும் தங்கைக்கும் வந்திருக்கிறது. எனக்கு இல்லை, ஆகவே என் வழியாக என் மகள்களுக்குப் போகாது. எனக்கெதற்கு மார்பகப் பரிசோதனை என்று மறுத்த அத்தான், ஆண்களும் பிள்ளைகளுக்குக் கடத்துவார்கள் என்பதைப் புரிந்துகொண்டு சம்மதித்தார், அவரிடமும் இருந்தது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி என்ற வழக்கமான கணக்கு அக்காவின் பிள்ளைகளுக்குப் பொருந்தாது, பெற்றோர் இருவரிடமும் இருப்பதால் வாய்ப்பு அதைவிடக் கூடும். அக்காவின் 19 வயது மகளுக்கு உடனே எடுக்க வேண்டுமா என்று ஆலோசகரிடம் கேட்டதற்கு, மார்பக எம்.ஆர்.ஐ. கண்காணிப்பு 25 வயதையொட்டித்தான் தொடங்கும், அதற்குள் அவளே யோசித்து முடிவு செய்யட்டும் என்றார். 36 வயதான தங்கைக்கு ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ.யும் மேமோகிராமும் பரிந்துரைத்து, பிள்ளைப்பேறு முடிந்திருப்பதால் 40க்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றுவது குறித்து மகப்பேறு மருத்துவரிடம் பேசச் சொன்னார். ஓலாபரிப் என்ற புற்றுநோய் மாத்திரை அக்காவுக்குப் பொருந்துமா என்பதை அவருடைய மருத்துவர் இந்த அறிக்கையை வைத்தே பரிசீலிக்கிறார்.

அக்காவின் பரிசோதனைக்கு ₹18,000 ஆனது. மற்றவர்களுக்கு அதில் சிறு பங்குதான். வீட்டில் இளவயதில் மார்பகப் புற்றுநோயோ, எந்த வயதிலாயினும் சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால், மருத்துவரின் சீட்டோடு இந்தச் சேவைக்குத் தாராளமாகப் போகலாம். இறந்தவர்களின் மருத்துவமனைச் சீட்டுகளைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். ஆலோசகர் பேசும் வரை அறிக்கையை அனுப்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். மரபணுவில் பெரிய துண்டு விடுபட்டிருப்பதையோ இரட்டித்திருப்பதையோ கண்டறியும் எம்.எல்.பி.ஏ. சோதனை கட்டணத்தில் அடங்குமா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். முகப்பில் அதைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை, ஆலோசகர் சொன்ன பிறகே எங்கள் ரசீதில் சேர்த்தார்கள்.