நோட்டாவா, தோற்கப்போகும் சுயேச்சையா?

மக்களவைத் தேர்தலில் எந்தக் கட்சியும் பிடிக்கவில்லை என்பவருக்கு இயந்திரத்தில் இரண்டு வழி உண்டு: கடைசிப் பொத்தானான நோட்டா (மேற்கண்ட யாருக்கும் இல்லை), அல்லது ஒரு சுயேச்சை.

2013-இல் வந்த நோட்டா ரகசியம் காக்கிறது. அதற்கு முன், வாக்களிக்க விருப்பமில்லை என்று வாக்குச்சாவடி அலுவலரிடமே சொல்லிப் பதிய வேண்டும். ஆனால் நோட்டா முடிவை மாற்றாது. 2024-இல் இந்தூரில் 2,18,674 வாக்குகளுடன் இரண்டாமிடம் பிடித்தும் எதுவும் நடக்கவில்லை. முதலிடமே வந்தாலும் அடுத்து வரும் வேட்பாளர்தான் வெற்றி பெறுவார். அதே ஆண்டு சூரத்தில் போட்டியே இல்லாததால் வாக்குப்பதிவும் இல்லை, நோட்டாவும் இல்லை.

பலர் கவனிக்காதது, வேட்பாளர் மனுவோடு கட்டும் டெபாசிட் பற்றிய கணக்கு. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றால்தான் 25,000 ரூபாய் திரும்பும் (பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 12,500). நோட்டா செல்லத்தக்க வாக்கில் சேராது. பதிவான 10 லட்சத்தில் 60,000 நோட்டா என்றால், தேவை 1,66,667-லிருந்து 1,56,667 ஆகக் குறையும். கோபத்தில் அழுத்தியது, பிடிக்காத கட்சியின் டெபாசிட்டைக் காப்பாற்றவும் கூடும்!

சுயேச்சைக்குப் போடும் வாக்கு அந்தக் கணக்கில் சேரும். என் தேர்வும் அதுவே. சிக்கல், பெரிய வேட்பாளரின் பெயரிலேயே நிறுத்தப்படும் போலிகள். படத்தையும் சின்னத்தையும் பாருங்கள். வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் வழக்கு, சொத்து விவரம் இருக்கும். வென்றபின் சுயேச்சை ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி பறிபோகும், வெளியிலிருந்து ஆதரித்தால் போகாது.