"நீங்களே கேம் எழுதலாம்" என்று விற்கும் மலிவுக் கையடக்கக் கன்சோல்கள்: பணம் கட்டும் முன் படியுங்கள்

ஒரு சிறு குழு குறைந்த விலையில் கையடக்க கேம் கன்சோல் கொண்டுவருகிறது, நீங்கள் எழுதும் கேமை அதில் ஏற்றி விளையாடலாம் என்று விளம்பரம் வந்தால், முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அதற்கு கேம் எழுதும் மென்பொருளை இன்றே இறக்கிக்கொள்ள முடியுமா? கருவி உண்மையிலேயே வேலை செய்கிறது என்றால் அந்த மென்பொருளும் அவர்களிடம் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் அவர்களாலேயே ஒரு கேமைக்கூட அதில் ஓட்டிக் காட்டியிருக்க முடியாது.

நாங்கள் ஏமாற்றப்பட்டது இந்த இடத்தில்தான். சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுத்தருகிறேன். தாங்கள் செய்த கேமைக் கையில் பிடித்து விளையாட அவர்களுக்கு ஆசை. அதற்காக வெளிநாட்டுக் குழு ஒன்றிடம் நான்கு கருவிகளுக்கு முன்பதிவு செய்தோம். விலை ஒன்றுக்கு நாலாயிரம் ரூபாய்க்குள். வண்ணத் திரை, மெமரி கார்டு, யூஎஸ்பி வழியாகக் கேம் ஏற்றும் வசதி என்று எல்லாம் எழுத்தில் இருந்தது. மென்பொருளைப் பற்றிக் கேட்டதற்கு, "தயாராக இருக்கிறது, கருவிகளை அனுப்பும் நாளில் வெளியிடுவோம்" என்று பதில் வந்தது.

சொன்ன காலம் கடந்து பார்சல் வந்தது. சுங்க வரியும் கட்டினோம். பெட்டியின் மேல் அழகான லோகோ. உள்ளே பழைய 8 பிட் கேம்களின் பட்டியல். அதில் பாதி, ஒரே கேமை வேறு வேறு பெயரில் திரும்பப் போட்டது. யூஎஸ்பியைக் கணினியில் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது, கணினிக்கு அப்படி ஒரு கருவி செருகப்பட்டதே தெரியவில்லை. திறந்து பார்த்தோம். அந்தத் துளையில் மின்சாரக் கம்பிகள் இரண்டை மட்டுமே இணைத்திருக்கிறார்கள்; தரவு போகும் கம்பிகள் எதிலும் சேரவில்லை. மெமரி கார்டுக்கென்று வெளியே ஒரு பிளவு இருக்கிறது, உள்ளே சாக்கெட்டே இல்லை. பலகையின் நடுவில், கறுப்புப் பசை ஊற்றி மூடிய சில்லு ஒன்று.

எலெக்ட்ரானிக்ஸ் பழகியவர்களுக்கு அந்தக் கறுப்புப் பொட்டு என்னவென்று தெரியும். பழைய நின்டெண்டோ கருவியின் வேலையை ஒரே சில்லில் அடக்கி, கேம்களையும் மாற்ற முடியாதபடி பதித்து விற்கும் மலிவுப் பொம்மைகளில் இருப்பது அது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். "சார், இது நம்ம நானூறு கேம் மெஷின்தானே? மேல ஸ்டிக்கர் மட்டும்தான் வேற" என்றார். அவர் கடையில் சில நூறு ரூபாய்க்கு அதே பலகை, அதே பட்டன், பழைய நோக்கியா போனில் போடுகிற அளவிலான அதே பேட்டரி. அந்தப் பொம்மையைப் பொம்மை என்று சொல்லி விற்பவர் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. பிள்ளைகள் எழுதி வைத்திருந்த கேம்கள் கணினியிலேயே கிடக்கின்றன. எனக்குக் கோபம் அதில்தான்.

இது ஏதோ மூலையில் நடந்த ஒற்றைச் சம்பவம் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வேகா பிளஸ் என்ற கையடக்கக் கன்சோலுக்கு 2016-இல் இண்டிகோகோ என்ற, பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் தளத்தில் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரண்டது. 1,000 கேம்களோடு அதே ஆண்டு தருவதாகச் சொன்னார்கள். 2018-இல் சிலருக்கு மட்டும் ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்தது. அதில் தருவதாகச் சொன்ன கேம்கள் இல்லை. 2019-இல் நிறுவனமே கலைக்கப்பட்டது. அதே 2016-இல் கொலெகோ கமிலியன் என்ற கன்சோலை நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் காட்டினார்கள். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்த ரசிகர்கள், உள்ளே இருப்பது சூப்பர் நின்டெண்டோவின் பலகை என்றார்கள். அப்புறம் ஒளி ஊடுருவும் உறையில் வைத்து இன்னொரு படம் வந்தது. அதில் இருந்தது கணினியில் வீடியோவைப் பதிவு செய்யப் பயன்படும் பழைய கேப்சர் கார்டு. பெயரைக் கடன் கொடுத்த நிறுவனம் அடுத்த மாதமே விலகிக்கொண்டது.

சிறு குழு என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. ஆர்டுபாய் என்ற சின்னக் கருவியைப் பாருங்கள். கெவின் பேட்ஸ் 2014-இல் அதை விசிட்டிங் கார்டு அளவில் செய்து காட்டினார், 2015-இல் இண்டிகோகோ போன்ற இன்னொரு தளமான கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டினார், கருவியையும் கொடுத்தார். நினைவகம் வெறும் 32 கிலோபைட், திரை 128-க்கு 64 புள்ளிகள், கறுப்பு வெள்ளை. ஆனால் ஒளிவுமறைவு கிடையாது. அதில் இருக்கும் சில்லு, நிரல் எழுதிப் பழகுபவர்கள் வாங்கும் ஆர்டுயினோ லியோனார்டோ என்ற மின்னணுப் பலகையில் இருக்கும் அதே சில்லு. கருவி இல்லாமலேயே கடையில் பாகம் வாங்கி நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பேனிக் நிறுவனத்தின் பிளேடேட் என்ற கையடக்கக் கன்சோலும் தாமதமானதுதான். முதலில் வந்த 5,000 கருவிகளில் பேட்டரிக் கோளாறு தெரிந்ததும் அதை வெளிப்படையாகச் சொல்லி, 2021-இல் தர வேண்டியதை 2022-க்குத் தள்ளினார்கள். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். காரணம் சொல்லாத தாமதத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

விளம்பர வீடியோவையும் கவனியுங்கள். எங்களுக்குக் காட்டிய வீடியோவில் கேம் ஓடும் காட்சி தனி, கருவியைக் கையில் பிடித்திருக்கும் காட்சி தனி. விரல் பட்டனை அழுத்துவதும் திரையில் உருவம் குதிப்பதும் வெட்டில்லாமல் ஒரே ஷாட்டில் எங்கேயும் வரவில்லை. கணினியில் வரைந்த படத்தை வைத்துக் கருவிகளுக்குப் பணம் திரட்டக் கூடாது என்று கிக்ஸ்டார்ட்டர் 2012-லேயே விதி போட்டது. சொந்தத் தளத்தில் முன்பதிவு வாங்குபவர்களை அந்த விதி தொடாது. எங்களுக்கு விற்றவர்களும் சொந்தத் தளத்தில்தான் விற்றார்கள்.

இதே போன்ற கருவி ஏற்கெனவே வந்து சேர்ந்து கையைப் பிசைந்துகொண்டிருப்பவர்களுக்கு: கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து திரும்ப வாங்கித் தரச் சொல்லுங்கள். "பொருள் வரவில்லை" என்று எழுதாதீர்கள், பார்சல் வந்ததற்கான பதிவு விற்றவர்களிடம் இருக்கும். "விவரித்தபடி பொருள் இல்லை" என்று எழுதுங்கள். இதற்குப் பெரும்பாலும் 120 நாள்தான் கெடு. "அப்டேட் வருகிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்று விற்றவர் எழுதும் ஒவ்வொரு மெயிலும் அந்தக் கெடுவைத் தின்கிறது. விளம்பரப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்கு முன் படமெடுத்து வையுங்கள். திறந்த பலகையின் படம், சேராத கம்பிகளின் படம் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். நாங்களும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறோம். வங்கி புகாரை ஏற்றுக்கொண்டு விசாரிக்கிறது.