கம்பியா, ரேடாரா? ஆர்க்டிக் பனியை அளக்கும் வழிகள்

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள ஆஸ்ட்ரே ப்ரோகர்ப்ரீன் பனியாற்றுக்கு 1967 முதல் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கு எடுக்கிறார்கள். குளிர்காலத்தில் சேரும் வெண்பனிதான் வரவு. உருகத் தொடங்குமுன், ஏப்ரல் மே வாக்கில் அதை அளந்துவிட வேண்டும். எதைக் கொண்டு அளப்பது?

பழைய வழி, மெல்லிய உலோகக் கம்பியைச் செங்குத்தாகக் குத்தி இறக்குவது. பனியாற்றின் கீழ்ப்பகுதியில் அடியில் இருப்பது கெட்டியான பனிக்கட்டி. கம்பி ‘டங்’கென்று நின்றுவிடும், சந்தேகமே வராது. மேலே போகப் போகத்தான் சிக்கல். அங்கே அடியில் கிடப்பது போன கோடையில் உருகாமல் மிஞ்சிய பழைய பனி. கம்பி அதற்குள்ளும் இறங்கிவிடும். போதாக்குறைக்கு ஸ்வால்பார்டில் நடுக்குளிர்காலத்திலும் சில நாள் மழை பெய்கிறது. அந்தத் தண்ணீர் பனிக்குள் உறைந்து தகடாகிவிட்டால், கம்பி பாதியிலேயே முட்டி நிற்கும். கை பழகியவர் உடனே எழுதிக்கொள்ள மாட்டார்; இன்னொரு முறை ஓங்கிக் குத்திப் பார்ப்பார்.

இன்னொரு வழி, பனிக்குள் ரேடியோ அலையை அனுப்பி, அடியில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கும் ரேடார். அதை ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்தால் ஒரே நாளில் பல கிலோமீட்டர் தொடர்ச்சியாகக் கிடைக்கும். ஸ்வால்பார்டிலேயே உள்ள ஆஸ்ட்ஃபோன்னா போன்ற பரந்த பனிக்கவிகையில் (நிலத்தைக் குடைபோல் மூடிய பெரும் பனிப்பரப்பில்) கம்பியோடு நடந்து மாளாது, அங்கே ரேடார்தான். ஆனால் அது தருவது ஆழம் இல்லை, அலை போய்த் திரும்பிய நேரம். உலர்ந்த வெண்பனியில் அலை நானோநொடிக்கு (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) சுமார் 22 சென்டிமீட்டர் போகும். பனியின் அடர்த்தி மாறினால் அந்த வேகமும் மாறும். பனி ஈரமாகிவிட்டால் கணக்கே குழம்பும்.

சரி, ஆழம் தெரிந்துவிட்டது. அதை உருக்கினால் எவ்வளவு தண்ணீர்? இரண்டு மீட்டர் பனி, கன மீட்டருக்கு 350 கிலோ என்றால் 700 மில்லிமீட்டர்; 400 கிலோ என்றால் 800. இதைக் கம்பியும் சொல்லாது, ரேடாரும் சொல்லாது. குழி தோண்டித்தான் ஆக வேண்டும். மேலிருந்து கீழ்வரை அடுக்கடுக்காகப் பனியை வெட்டியெடுத்து நிறுக்க வேண்டும். முதுகு ஒடியும் வேலை, ஆனாலும் என் பார்வையில் இதை எக்காரணம் கொண்டும் குறைக்கக் கூடாது.

2018இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் லேசரால் மேற்பரப்பின் உயரத்தை அளக்கிறது. ஆனால் பழைய பனி அமுங்குவதும் பனியாறு நகர்வதும் அந்த உயரத்திலேயே கலந்திருக்கும்; புதுப் பனி எவ்வளவு என்று தனியே பிரிப்பது கடினம். அதனால் சிறிய பனியாற்றுக்கு நான் கம்பியையும் இரண்டு மூன்று குழிகளையும்தான் சொல்வேன். பெரிய கவிகைக்கு ரேடார் சரி, அப்போதும் மண்வெட்டி வண்டியிலேயே இருக்கட்டும்.