எக்ஸ்ரே ஃபிலிமும் வீட்டு டெவலப்பரும்: கீறல், வெண்படலம், உரிதல்

8×10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவுக்கு ஷீட் ஃபிலிம் (சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக வருவது) வாங்கிக் கட்டுப்படியாகாமல், பச்சை ஒளியை உணரும் எக்ஸ்ரே ஃபிலிமுக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. ஃபிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனக் கரைசலான டெவலப்பர் வீட்டிலேயே கலப்பதுதான். ஒன்று டி-23: லிட்டருக்கு மெட்டால் 7.5 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம். இன்னொன்று காஃபினால்: நீரற்ற வாஷிங் சோடா 54, வைட்டமின் சி 16, சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் காபி 40 கிராம். கறுப்பு வெள்ளைத் தரத்தில் இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொல்லையெல்லாம் ஃபிலிமின் மேற்பரப்பில்தான். ஃபார்முலாவை மாற்றிப் பார்ப்பதைவிடத் தண்ணீரையும் சூட்டையும் கவனித்தால் பாதி தீரும்.

கீறல் எல்லோருக்கும் வரும். இந்த ஃபிலிமில் பொதுவாக இரண்டு பக்கமும் எமல்ஷன், அதாவது படம் பதியும் ஜெலட்டின் பூச்சு. எப்படிப் போட்டாலும் ஒரு பக்கம் ட்ரேயின் அடியில் உரசும். ட்ரேக்குள் ஒரு கண்ணாடித் தகடு, ஒரு நேரத்தில் ஒரே ஃபிலிம், மூலையை மட்டும் பிடிப்பது, இவ்வளவுதான் வைத்தியம். மேமோகிராம் ஃபிலிமுக்கு ஒரு பக்கம்தான் எமல்ஷன், கிடைத்தால் விடாதீர்கள்.

கோடையில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டும். காஃபினாலின் காரத்தில் ஜெலட்டின் ஊறி, விரல் பட்டாலே தடம் விழும், ஓரம் உரியும். அப்போது டி-23தான் நல்லது, காரம் குறைவு. ஐஸ் போட்ட பெரிய பேசினுக்குள் ட்ரேயை வைக்கலாம். ஆனால் டெவலப்பரை மட்டும் குளிர்வித்துவிட்டுச் சூடான தண்ணீரில் கழுவினால் எமல்ஷன் வலைப்பின்னலாகச் சுருங்கிவிடும். எல்லா ட்ரேயும் ஒரே சூட்டில் இருக்கட்டும்.

எமல்ஷனை இறுக்க மளிகைக் கடைப் படிகாரம் போதும். அதை வெறும் ஹைப்போவில் (டெவலப் ஆன படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் உப்பு) போட்டால் கந்தகம் பிரிந்து பால் மாதிரி கலங்கும், அந்தத் தூள் ஃபிலிமிலும் ஒட்டும். ஹைப்போ, சல்ஃபைட், அசிட்டிக் அமிலம், போரிக் அமிலம், கடைசியில் படிகாரம் என்று ஒவ்வொன்றும் கரைந்தபின் அடுத்ததைச் சேர்த்தால் தெளிவாக நிற்கும்.

என்னை ரொம்பப் படுத்தியது வெண்படலம். ஈரமாக இருக்கும்போது நெகட்டிவ் பளிச்சென்று இருக்கும். காய்ந்ததும் மாவு தடவியது போல ஆகும். நனைத்தால் மறையும், காய்ந்தால் திரும்ப வரும். வாஷிங் சோடா போர் தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து படியவிடும் சுண்ணாம்பு அது. வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து ஒரு மூலையைத் தொட்டுப் பாருங்கள். கரைந்தால் சுண்ணாம்பு, கரையாவிட்டால் பெரும்பாலும் கந்தகம். இப்போதெல்லாம் டெவலப்பர் கலக்கவும் கடைசி அலசலுக்கும் ஆர்ஓ தண்ணீர்தான். படலமும் இல்லை, சொட்டுத் தடமும் இல்லை.

காஃபினாலிலிருந்து எடுத்ததும் டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசலான ஸ்டாப் பாத்தில் போடாமல் தண்ணீரில் நன்றாக அலசிவிடுவது என் வழக்கம். சோடாவும் அமிலமும் சேர்ந்து எழுப்பும் வாயுக்குமிழ்கள் ஊறிய எமல்ஷனில் குட்டி ஓட்டைகளைப் போடக்கூடும்.

இத்தனைக்குப் பிறகும் பின்பக்கம் கீறியிருந்தால், காய்ந்த நெகட்டிவைக் கண்ணாடியில் நாலு ஓரமும் டேப் ஒட்டி, அந்தப் பக்க எமல்ஷனை வீட்டு ப்ளீச்சால் கரைத்துவிடலாம். கீறல் போவதோடு படமும் கூர்மையாகும். அடர்த்தி கிட்டத்தட்டப் பாதியாகும் என்பதால் நன்றாகக் கறுத்த நெகட்டிவுக்கு மட்டும்தான் இது.

அப்புறம், ஸ்கேன் சென்டர்களில் இப்போது புழங்குவது பெரும்பாலும் ட்ரை ஃபிலிம். அது சூட்டில் கறுப்பது, கேமராவுக்கு உதவாது. டெவலப்பரில் கழுவும் ஃபிலிம்தானா என்று கேட்டு வாங்குங்கள்.