பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: 26,500 ரூபாய் போச்சு

26,500 ரூபாய். தம்பி பி.சி.ஏ. சேர்ந்ததற்காகச் சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிக் கொடுத்த லேப்டாப். கடையில் எங்களுக்குக் காட்டியது ஒன்று, டப்பாவில் போட்டுக் கொடுத்தது வேறொன்று. கல்லூரி சேரும் நேரம் என்பதால் இந்த வாரமே பலர் இதே மாதிரி கடைகளுக்குக் கிளம்புவீர்கள். அதனால்தான் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். குறைந்த பட்ஜெட்டில் எதைப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

சென்னை ரிச்சி தெருவையொட்டிய ஒரு சந்தில், கம்பெனிகள் கழித்துவிடும் லேப்டாப்புகளை வாங்கி விற்கும் கடை அது. புதியதில் அந்த விலைக்குப் பெரும்பாலும் மெதுவான சிப்தான் கிடைக்கும் என்பதால் பழையதாக, ஆனால் நல்ல ப்ராசஸராக வாங்கலாம் என்று போனோம். அந்த முடிவில் தப்பே இல்லை, இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

கவுன்டரில் இருந்தவர் பேசிய விதம் அப்படி. தம்பி என்ன படிக்கிறான், எந்தக் கல்லூரி என்று விசாரித்தார். 34,000 ரூபாய் மெஷின் ஒன்றை நான் கையில் எடுத்ததும், "அக்கா, அதை வெச்சிடுங்க. பி.சி.ஏ.வுக்கு அவ்வளவு பணம் போடாதீங்க" என்றார். விலை குறைந்ததைத் தானே எடுத்துக் கொடுக்கிற கடைக்காரரை யார் சந்தேகப்படுவார்கள்? ஐ5 8250யு (இன்டெலின் எட்டாம் ஜெனரேஷன் ப்ராசஸர்), 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி, ஃபுல் எச்டி ஸ்கிரீன். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து நான்கு கோர் (ப்ராசஸருக்குள் வேலை செய்யும் பகுதிகள்) இருப்பதை அவரே தம்பிக்குக் காட்டினார். "இதே மாடல்ல ஏழாம் ஜெனரேஷன் வாங்கிடாதே தம்பி, அதுல ரெண்டு கோர்தான்" என்று பாடமும் எடுத்தார். சொன்னது அத்தனையும் உண்மை. அதனால்தான் நம்பினோம்.

26,500 ரூபாய்க்குப் பேசி முடித்ததும், "இது டிஸ்ப்ளே பீஸ்க்கா, வர்றவங்க எல்லாம் தட்டிப் பார்த்தது. இதே மாடல், கீறல் இல்லாதது குடோன்ல இருக்கு" என்று பையனை அனுப்பினார். வந்ததைத் திறந்து ஆன் செய்தார், லோகோ வந்தது, மூடி டேப் ஒட்டிவிட்டார். ஜிபேயில் பணம் போட்டேன்.

வீட்டில் தம்பி திறந்து பார்த்தால் ஐ5 7200யு, அதாவது ஏழாம் ஜெனரேஷன். இரண்டே கோர். ஸ்கிரீனும் ஃபுல் எச்டி இல்லை, 1366க்கு 768தான், கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாலே வெளுத்துப்போகிறது. ஒரே மாடல் பெயரில் ஏழாம் ஜெனரேஷனும் எட்டாம் ஜெனரேஷனும் வந்திருக்கின்றன, வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட ப்ராசஸர் பட்டியலில் 7200யு கிடையாது. விண்டோஸ் 11 செய்யும் சோதனையைத் தாண்டி எப்படியோ அதை ஏற்றி வைத்திருக்கிறார்கள். பழைய விண்டோஸ் 10-க்குப் போகலாம் என்றால் அதற்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. மூன்று வருஷம் படிக்கப்போகிற பையனுக்கு இதைக் கொடுத்திருக்கிறார்கள்!

உடனே போன் செய்தேன். "ஓனர் ஊர்ல இல்லைக்கா." மறுநாள், "போட்டோ அனுப்புங்க." அனுப்பினேன், ப்ளூ டிக் வந்தது, பதில் வரவில்லை. நேரில் போனால், என்னை அக்கா அக்கா என்று கூப்பிட்ட அதே ஆள், "மேடம், பில்லைப் பாருங்க" என்கிறார். பில்லில் இருப்பது ஐ5, 8 ஜிபி, 256 எஸ்.எஸ்.டி. அவ்வளவுதான். ஜெனரேஷனும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. "ஐ5 போட்டிருக்கோம், ஐ5 கொடுத்திருக்கோம். இதுல என்ன சீட்டிங்?" நான் விடாமல் நின்றதும், செக்கிங் வாரன்டி மட்டும்தான், அதாவது கடையில் சோதித்துப் பார்க்கும் வரைதான், அது கடையிலேயே முடிந்துவிட்டது என்றார். கடைசியில், எட்டாம் ஜெனரேஷன்தான் வேண்டுமென்றால் மேலே 7,000 போடுங்கள் என்றார். 26,500 ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளைத் தரவே இன்னும் 7,000! பக்கத்தில் நின்ற கடைப் பையன் என் முகத்தையே பார்க்கவில்லை. அந்தத் தெருவில் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் இவர்கள் கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்கிறார்கள்.

எதைப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத இப்போது மனசு ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐ5, ஐ7 என்ற பெயரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள், பின்னால் வரும் நம்பர்தான் முக்கியம். 8250 என்றால் எட்டாம் ஜெனரேஷன், 7200 என்றால் ஏழு. அந்த முழு நம்பரையும், லேப்டாப்பின் அடியில் இருக்கும் சீரியல் நம்பரையும் ஜிஎஸ்டி பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சோதித்துப் பார்த்த மெஷினையே வாங்குங்கள், கீறல் இருந்தால் இருக்கட்டும். ஸ்டிக்கரை நம்பாதீர்கள், பயாஸுக்குள் (ஆன் செய்ததும் விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங்ஸ்) போய் ப்ராசஸர் பெயரைப் பாருங்கள். கம்பெனி மெஷின் என்பதால் பயாஸ் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருக்கிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும் பேட்டரி ரிப்போர்ட்டை விண்டோஸில் எடுக்கச் சொல்லுங்கள். எங்களுடையதில் புதிய பேட்டரி தாங்குவதில் பாதிகூடத் தாங்கவில்லை, அதைப் பற்றிப் பேசவே கடையில் இடம் கொடுக்கவில்லை. ரேமைப் பல மாடல்களில் பிறகு கூட்டிக்கொள்ளலாம், ப்ராசஸரை மாற்ற முடியாது.

நாளைக் காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கிறேன். அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. பில், ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். இதே மாதிரி டப்பா மாற்றிக் கொடுத்ததில் ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் உங்கள் பில்லையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.