செல்ஃப் எடுக்கவில்லையா? மோட்டாரைக் கழற்ற விடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரே ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை என்றால், மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டியது "வோல்ட் அளக்கிற மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?" என்பதுதான். இல்லை என்று சொன்னால் ஸ்பேனரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். என்னிடம் கிட்டத்தட்ட 15,000 ரூபாய் கறந்துவிட்டு, கோளாறை அப்படியே உள்ளே வைத்து வண்டியைத் திருப்பித் தந்தார்கள்.

என்னுடையது பழைய டீசல் கார். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப், பெயர் வேண்டாம். பானெட்டைத் திறந்தவர் எதையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணே, பேட்டரி அவுட்டு." புது பேட்டரி வந்தது. ஒரு வாரம்கூட ஓடவில்லை, மறுபடி அதே டக். "அப்படின்னா செல்ஃப் மோட்டார்தாண்ணே. ஆர்மேச்சர் போயிருக்கு." இன்ஜினைச் சுழற்றி ஸ்டார்ட் ஆக்குகிற அந்த மோட்டாரையும் மாற்றினார்கள். புது மோட்டாருக்கான காசு வாங்கிக்கொண்டு மாட்டியது, பெயின்ட் அடித்த பழைய மோட்டார். போல்ட் துளை ஓரத்தில் பெயின்ட் உரிந்து பழைய துரு தெரிந்தது. பில் கேட்டதற்கு அட்டைப்பெட்டியில் கிழித்த துண்டில் மொத்தத் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தார்.

மோட்டார் மாற்றியதும் வண்டி எடுத்ததே என்று கேட்பீர்கள். மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது பக்கத்தில் இருக்கும் எர்த் வயரும், அதாவது கரண்டு இன்ஜினிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிற இணைப்பும், அசையும். அந்த அசைவில் கொஞ்ச நாள் தொடுப்பு கிடைக்கும். இந்தத் தொழிலில் ஊகத்துக்கு மாற்றுபவர்கள் பிழைப்பதே இப்படித்தான்.

மூன்றாம் முறை போனபோது, "ஈசிஎம் போயிருக்கும், முப்பதாயிரம் ஆகும்" என்றார். இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்தான் ஈசிஎம். வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணி வெளியே கொண்டுவந்துவிட்டேன். ஈசிஎம் போன டீசல் வண்டி தள்ளினால் மட்டும் எப்படி ஓடும்?

கடைசியில் கோளாறைக் கண்டுபிடித்தவர் கார் மெக்கானிக்கே இல்லை. மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு வயரிங் பார்க்கிற பெரியவர். வந்ததும் ஹெட்லைட்டைப் போடச் சொல்லிச் சாவியைத் திருப்பச் சொன்னார். லைட் மங்கவே இல்லை. "பேட்டரில பழுது இல்ல தம்பி, கரண்டு போய்ச் சேரல" என்றார். பிறகு மல்டிமீட்டர். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது பேட்டரியின் இரண்டு முனைக்கும் இடையே 12 வோல்ட்டுக்கு மேல் நின்றது. பிறகு மீட்டர் வயரில் ஒன்றை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்தார். 7 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அந்த இடத்தில் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மோட்டாருக்குப் போக வேண்டிய வோல்ட்டேஜில் பாதிக்கு மேல் வழியிலேயே தின்னப்படுகிறது என்று அர்த்தம்.

அடுத்து ஜம்ப் கேபிள் ஒன்றை எடுத்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜினுக்குக் கொடுத்தார். கியரை நியூட்ரலில் வைத்துச் சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே எடுத்தது.

பாடியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற எர்த் வயரான பின்னல் பட்டைதான் குற்றவாளி. மேலே பார்த்தால் முழுசாகத்தான் இருந்தது; வளைத்ததும் பச்சைப் பொடியாகக் கொட்டியது. நம் கடற்கரையில் இது அதிசயமே இல்லை. உப்பு ஈரம் செம்பு இழைகளுக்குள் ஏறி உள்ளிருந்து அரிக்கும். அரிச்சல்முனை போய்வருகிற வண்டிகளுக்கு அடியில் உப்பு மணலும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஹாரன், லைட் எல்லாம் சில ஆம்பியரில் ஓடுபவை. மிச்சமிருக்கும் நாலு இழையே அவற்றுக்குப் போதும். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அங்கேதான் குட்டு உடையும். இன்னொரு அடையாளமும் சொன்னார்: எர்த் போன வண்டியில் கரண்டு வேறு வழி தேடி கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடப் பாயும், அவை சூடாகும். என் வண்டியில் கிளட்ச் கேபிளின் உறை உருகியிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் மூன்று தடவை பானெட்டைத் திறந்தவர்கள் கண்ணில் அது படவில்லையாம்!

பட்டை விலை 350 ரூபாய். உப்புத்தாள் போட்டு போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளவென்று தேய்த்து, மாட்டிய பிறகு மேலே கிரீஸ் பூசினார். கூலியாக அவர் கேட்டது டீச்செலவுதான், நான்தான் வற்புறுத்திக் கூடக் கொடுத்தேன்.

பேட்டரி நிஜமாகவே போயிருந்தால் ஆட்டம் வேறு மாதிரி இருக்கும். பெரும்பாலும் டகடகவென்று தொடர்ந்து அடிக்கும், லைட் அணைகிற மாதிரி மங்கும், ஸ்டார்ட் அடிக்கும்போது மீட்டர் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். அப்போது மாற்றுங்கள், தேதியும் கடை முத்திரையும் போட்ட வாரண்டி கார்டைக் கையோடு வாங்குங்கள். பழைய பேட்டரியில் ஈயம் இருக்கிறது, அதற்குக் காசு உண்டு. என் பில்லில் அதைக் கழிக்கவே இல்லை. கழற்றிய பொருள் எதுவானாலும் உங்கள் வண்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

அட்டைத் துண்டையும், ஜிபேயில் பணம் போன விவரத்தையும், பச்சையாய்க் கொட்டிய பட்டையின் படத்தையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். சரியாகவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. விஷயம் தெரிந்ததும் ஒர்க்‌ஷாப்காரர் போன் பண்ணி, "மூவாயிரம் தர்றேண்ணே, விட்ருங்க" என்றார். என் பழைய மோட்டாரைக் கேட்டேன். அது ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.