மேக்ரோ என்ற எழுத்தை நம்பி 14,500 ரூபாய் கொடுத்தேன்

சின்னஞ்சிறு பொருட்களைக் கிட்டத்தில் பெரிதாகப் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸை முதன்முதலாக வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் கடலூர், புதுச்சேரி நண்பர்கள் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்றே எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை மரம் ஒன்று உண்டு. அதன் கொழுந்தில் வண்ணத்துப்பூச்சி இட்டுச் செல்லும் முட்டை கடுகைவிடச் சிறியது. ஏறத்தாழ 1 மி.மீ. குறுக்களவுள்ள வெளிர்மஞ்சள் உருண்டை. கேனன் கேமராவுடன் வந்த 18-55 லென்ஸில் அது ஒரு புள்ளியாகத்தான் விழுந்தது. அந்த முட்டையை முட்டையாகப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் புதுச்சேரியில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் எடுத்துக் காட்டியது 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ். அதன் உடலில் ‘மேக்ரோ’ என்று பொன்னிற எழுத்தில் இருந்தது. “பூச்சியை அதோட நிஜ அளவிலேயே எடுக்கலாம் மேடம். பெட்டியைப் பிரிச்சதோட சரி, யாரும் பயன்படுத்தல” என்றார். முன்புறம் ஒரு ஃபில்டர் மாட்டியிருந்தது. அதைக் கழற்றினால் தூசு உள்ளே போய்விடும், அப்படியே இருக்கட்டும் என்று அக்கறையோடு சொன்னார். 14,500 ரூபாயை ஜிபே வழியாக அனுப்பினேன். பில் கேட்டதற்கு, தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றைக் கொடுத்து, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற முத்திரையையும் அதில் குத்தினார்.

வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றைப் படமெடுத்தபோது உண்மை தெரிந்தது. நிஜ அளவு என்றால் 1:1, அதாவது பொருள் எவ்வளவு பெரியதோ அதே அளவில், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழ வேண்டும். என் கேமராவின் சென்சார் அகலம் 22.3 மி.மீ.; ஆகவே 1:1 லென்ஸில், ஆகக் கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது, படத்தின் இடக்கோடி முதல் வலக்கோடி வரை அளவுகோலின் 22 கோடுகள்தாம் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்தவை 45. அதாவது இது 1:2, பாதி அளவுதான். அதுவும் 300 மி.மீ. வரை ஜூம் செய்து, பக்கவாட்டு ஸ்விட்சைத் தள்ளி, 95 செ.மீ. தள்ளி நின்றால்தான் கிடைக்கும். 300 மி.மீ.யில், அதிர்வுத் தடுப்பு இல்லாத லென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, காற்றில் ஆடும் கொழுந்தை எடுக்க முயன்றவர்களுக்கு அதன் வேதனை புரியும். ஜூம் லென்ஸ்களில் மேக்ரோ என்ற சொல்லைக் கொஞ்சம் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்ற பொருளில் நெடுங்காலமாகவே அச்சிடுகிறார்கள். நிக்கானோ உண்மையான மேக்ரோ லென்ஸ்களுக்கே மைக்ரோ என்று பெயரிடுகிறது. ஆகவே பெயரைப் பார்க்காமல் விகிதத்தைக் கேளுங்கள்.

மூன்றாவது வாரம் லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். திரும்ப எடுக்க முடியாது, வேண்டுமானால் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன் என்ற அதே மனிதர், மேசை இழுப்பறையிலிருந்து சிறு டார்ச் ஒன்றை எடுத்தார். கழற்றவே கூடாது என்று சொன்ன ஃபில்டரை இரண்டே திருகில் கழற்றினார். பின்புறத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சி, “ஃபங்கஸ் இருக்கே மேடம், 4,000தான் தர முடியும்” என்றார். நானும் குனிந்து பார்த்தேன். முன் கண்ணாடியின் உட்புறத்தில், விளிம்பிலிருந்து நடுப்பகுதி வரை, சிலந்தி நூல்போல வெண்ணிறப் பூஞ்சை இழைகள் கிளைவிட்டுப் பரவியிருந்தன. கடலோர ஊர், உங்கள் வீட்டு ஈரப்பதத்தில் வந்திருக்கும் என்று பழியையும் என் மீதே போட்டார். வாங்கிய மறுநாளே எதிர்வெளிச்சத்தில் எடுத்த படங்கள் புகைமூட்டமாக இருந்ததை நான் மறக்கவில்லை. வாங்குபவரிடம் மறைத்த டார்ச், விலையைக் குறைக்கும்போது மட்டும் வெளியே வந்ததைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாத நிலையில் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைகள். முத்திரையைப் பார்த்து நான் பயந்திருக்கவே வேண்டியதில்லை. பணம் அனுப்பிய பதிவு கைபேசியில் இருந்தது பெரிய துணையாயிற்று. கடைசியில் 10,000 ரூபாய் திரும்ப வந்தது. மீதி போனது போனதுதான்.

இன்னொன்றும் உண்டு. லென்ஸில் போட்டிருக்கும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் இடையே மிஞ்சும் தூரம் அதைவிட மிகக் குறைவு. கேனனின் 60 மி.மீ. மேக்ரோவில் 1:1 எடுக்கும்போது 9 செ.மீ. அளவுக்கே இடம் இருக்கும், 100 மி.மீ.யில் ஏறத்தாழ 15 செ.மீ. கிடைக்கும். குதிக்கும் சிலந்திக்கும் தட்டானுக்கும் அந்த 6 செ.மீ. பெரிய வித்தியாசம், லென்ஸின் நிழலும் அவற்றின் மேல் விழாது. நிக்கான் 3000, 5000 வரிசைக் கேமரா வைத்திருப்பவர்கள் மோட்டார் இல்லாத பழைய லென்ஸை வாங்கினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. எனவே உங்கள் கேமராவையே கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். பணம் போதாவிட்டால் ஜூம் பக்கம் போக வேண்டாம், 50 மி.மீ. லென்ஸுடன் 50 மி.மீ. அளவுக்கு எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே மாட்டும் வெற்றுக் குழாய்) சேர்த்தாலே 1:1 கிடைத்துவிடும்.

சில மாதங்கள் கழித்து, பயன்படுத்திய 100 மி.மீ. லென்ஸ் ஒன்றைச் சென்னையில் ஒருவரிடம் வாங்கினேன். நான் டார்ச்சை எடுப்பதற்குள் அவரே ஃபில்டரைக் கழற்றி லென்ஸை என்னிடம் நீட்டினார். அளவுகோலை மேசையில் வைத்து ஒரு படம் எடுத்து, திரையைப் பெரிதாக்கிக் கோடுகளை எண்ணினேன். 22 இருந்தன.